அறை அறையாக நடக்கச் சொன்னார்கள்

எங்கள் வீட்டில் ஒரே அறைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மூன்று மாத மருத்துவமனை வாழ்க்கையில் எங்களிடம் யாருமே கேட்காத கேள்வி அது ஒன்றுதான். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குடிப்பாரா, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு வந்திருக்கிறதா என்று அத்தனையும் கேட்டார்கள். வீட்டில் எத்தனை அறை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அந்த வார்த்தைகளை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

என் பெயர் கனகா. ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, நாலு சந்து தள்ளி வாக்கப்பட்டவள். கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். இருபது வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது என்று என் கணவர் தேவராஜ் சொல்வார். சொல்லிவிட்டு என் கைக்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அவர் வாட்டர்மேன், கான்ட்ராக்டில். எங்கள் பக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். தெருவில் சின்னச் சின்ன இரும்பு மூடிகளைப் பார்த்திருப்பீர்கள், அதற்கடியில் வால்வு இருக்கும். மார்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கைப்பிடி. அதை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினால்தான் சந்துக்குத் தண்ணீர். அவர் பொறுப்பில் ஒன்பது வால்வு. விடியற்காலை ரேஷன் கடை முனையில் ஆரம்பித்து எங்கள் சந்து முனையில் முடிப்பார். எதற்கு எத்தனை சுற்று என்பது எந்தத் தாளிலும் எழுதி வைத்ததில்லை. ரேஷன் கடைக்குப் பதினான்கு. மாவு மில் எதிரில் பதினொன்று, அது கொஞ்சம் முரடு. புங்கமரத்தடியில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மேலே போனால் கீழ்ச்சந்தில் பழைய குழாய் விரிசல் விட்டுவிடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வருடம் முன்பு அவர் வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தார். லீவு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் ஒரு மாதம் சாவியைச் சுற்றியது நான்தான். அவர் கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்று எண்ணுவார். எனக்கு வந்த கோபத்தையெல்லாம் அந்த வால்வுகள் மேல்தான் காட்டினேன். மாவு மில் வால்வை ஒருநாள் வாய்க்கு வந்தபடி திட்டியபோது, “அதட்டினா அது தொறக்காது கனகா, என்னாட்டம்” என்றார்.

மூடுவதும் அதே வரிசைதான், இரண்டரை மணி நேரம் கழித்து. கடைசியாக எங்கள் சந்து. அங்கே மட்டும் சாவியை உள்ளே இறக்கிவிட்டுச் சுற்றாமல் நிற்பார். சந்துக்குள் பார்த்து “ஆச்சா?” என்று ஒரு குரல் கொடுப்பார். நான் “ஆச்சு, மூடுங்க” என்று சொன்னால்தான் மூடுவார். சந்துப் பெண்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, சொல்லாதே சொல்லாதே என்பார்கள். “இருங்க, இன்னும் ரெண்டு குடம்” என்று நான் கத்துவேன். நிற்பார். மற்ற சந்துகளுக்கு இந்த மரியாதை கிடையாது. அதற்காகக் கான்ட்ராக்டரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலாவது வால்வில், சாவியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து மாவு மில்காரர் ஓடிவந்து சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது வாயோரம் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டார்கள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பிரஷர் மாத்திரையை அவர் ஞாபகம் வந்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள், மாத்திரை அட்டை அப்படியே இருந்ததைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கே மண்டையைத் திறந்து கட்டியாக உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். பதினோராம் நாள் கண்ணைத் திறந்தார். என் மகள் ரம்யா, பி.காம் படிக்கிறவள், ஓடிப்போய் அரைக்கிலோ மைசூர்பாக் வாங்கி வந்து நர்ஸ்களுக்கெல்லாம் கொடுத்தாள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், ஒருத்தரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து எங்களை உட்காரவைத்துச் சொன்னார். விழித்திருப்பது வேறு, உணர்வோடு இருப்பது வேறாம். தூக்கமும் விழிப்பும் மூளையின் அடித்தண்டு பார்த்துக்கொள்ளும் வேலை, அது நன்றாக இருக்கிறது. அதனால் கண் திறக்கும், மூடும், கொட்டாவிகூட வரும். ஆனால் பார்க்கிறாரா, கேட்கிறாரா என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை என்றார். மீதி மைசூர்பாக் ரம்யாவின் பையிலேயே இருந்து எண்ணெய் கக்கிப்போனது.

கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கு வழியாகச் சாப்பாட்டுக்கு ஒரு குழாய். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். சளியை உறிஞ்சி எடுக்கும்போது உடம்பு தூக்கிப்போடும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு நான் வெளியே ஓடிவிட்டேன், பத்தாவது தடவை நானே குழாயைப் பிடித்துக்கொண்டேன். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள் என்பது எனக்கு அங்கே பிடிக்காமல் போன விஷயங்களில் ஒன்று.

நல்லதையும் சொல்ல வேண்டும். அவர் தம்பி சேகர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு வேளை தவறாமல் ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுவந்தார். கம்பெனியில் என் லைன் பெண்கள் என் பீஸ்களையும் சேர்த்துப் பார்த்துக்கொடுத்து, என் பெயரை ரிஜிஸ்டரில் காப்பாற்றி வைத்தார்கள். சந்துப் பெண்கள் தண்ணீர் வரும் நாளில் எங்கள் டிரம்மை முதலில் நிரப்பிவிட்டுத்தான் தங்கள் குடத்தை வைத்தார்களாம். ரம்யா பரீட்சைக்குப் படிக்கிறதை அப்பா காதருகே உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு என்று அந்த மனுஷன் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டியிருந்தது.

இரண்டாவது மாதம் நம்ரதா வந்தாள். ஹாசன் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும், பெரிய கண்ணாடி. டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவள். கன்னடத்தில் பேசுவாள், நான் தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், போகப்போகத் தமிழே பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னது இதுதான். இப்படிக் கண்ணைத் திறந்துகொண்டு பதில் சொல்லாமல் கிடக்கிறவர்களில் சிலருக்கு உள்ளே நினைவு இருக்கும். கை கால் கேட்காது, நாக்கு கேட்காது, அதனால் வெளியே தெரியாது. அவர்களிடம் ஒன்றை மனதால் நினைக்கச் சொல்லி, நினைக்கும்போது மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று எம்ஆர்ஐ மெஷினில் பார்க்கலாம். வேலை செய்கிற இடத்துக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாக ஓடும். பிராணவாயு உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் அந்தக் காந்தத்துக்கு வேறு வேறாகத் தெரியுமாம். ஃபங்ஷனல் எம்ஆர்ஐ என்று பெயர். எந்தச் சந்தில் தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்து, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கிறீர்கள், அவ்வளவுதானே என்றேன். அவள் சிரித்துவிட்டு, என் ஆராய்ச்சிப் புத்தகத்தில் இப்படியே எழுதிவிடலாம் போலிருக்கிறதே அக்கா என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஸ்கேன் அறைக்குப் பக்கத்து அறைவரை என்னை விட்டார்கள், அதற்கே உடம்பில் இரும்பு இருக்கக்கூடாது என்றார்கள். என் தாலிக்கயிற்றில் மட்டும் ஆறு ஊக்கு இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, டெக்னீஷியன் இன்னும் இருக்கா இன்னும் இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே அவரைப் படுக்கவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மெஷினுக்குள் தள்ளினார்கள். எங்கள் தையல் ஃப்ளோரை ஒரு டிரம்முக்குள் போட்டு மூடினால் எப்படியிருக்கும், அப்படி ஒரு சத்தம். அரை நிமிடம் நினைக்க வேண்டும், அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அப்படிப் பல முறை. ரத்தம் ஏறி இறங்குவது அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போனால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

கணக்கெல்லாம் போட்டு முடிவு சொல்ல நாலு நாள் ஆனது. நம்ரதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டபோதே தெரிந்துவிட்டது. எதுவும் தெரியவில்லை என்றாள். அதனால் உள்ளே நினைவு இல்லை என்று ஆகிவிடாது, அந்த நேரம் தூங்கியிருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் டூட்டி டாக்டர் ஒரு ஃபாரத்தோடு வந்தார். நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றால் மறுபடி வென்டிலேட்டரில், அதாவது மூச்சை மெஷினே விட்டுக்கொடுக்கிற இடத்தில், போடலாமா வேண்டாமா என்று குடும்பம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சேகர். அவரை நடுவில் வைத்துக்கொண்டே பேசினோம். அண்ணன் பட்டது போதும் அண்ணி என்று சேகர் அழுதார். நான் வேண்டாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சேகர் போன பிறகு என் கணவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது, மின்விசிறியைப் பார்த்தபடி. இரண்டு மாதத் தூக்கமின்மை, பயம், எல்லாம் சேர்ந்து எனக்கு அவர்மேல்தான் ஆத்திரமாக வந்தது.

“போறதுன்னா போயிடுங்க. இப்பிடிக் கெடந்து எங்களயும் சேத்துக் கொல்லாதீங்க. என்னால முடியல” என்றேன்.

உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துச் சொன்னேன். அது சமாதானம் ஆகாது என்று தெரிந்தும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து நம்ரதா ஏதோ தாளில் கையெழுத்து வாங்க லேப்டாப்போடு வந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் வேலையில் ஒரு பீஸை ரிஜெக்ட் போடுவதற்கு முன்பு சாம்பிள் சட்டையை எடுத்து வைத்து, ஆர்டர் கொடுத்தவர்கள் என்ன கேட்டிருந்தார்கள் என்று ஒருமுறை பார்ப்போம். சில சமயம் கேட்டதே தப்பாக இருக்கும். அதனால், நீங்கள் அவரிடம் சொன்னதை எனக்கும் போட்டுக்காட்டுங்கள் என்றேன். அவள் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள். யாரோ ஒரு பெண், செய்தி வாசிக்கிற மாதிரி அழகான தமிழ்:

“உங்கள் வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நுழைந்து வரவேற்பறைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து படுக்கையறைக்குச் செல்லுங்கள். ஒவ்வோர் அறையாக நடந்து, அங்குள்ள பொருட்களைப் பாருங்கள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். நம்ரதா பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள்.

“மேடம், எங்க வூட்ல வாசல்ல நின்னாலே எல்லாம் தெரிஞ்சிடும். அடுப்பு, கட்டிலு, டிரம்மு, அவ்ளோதான். அறை அறையா எங்கம்மா நடப்பாரு? ரெண்டடி வெச்சா செவுத்துல முட்டிக்குவாரு.”

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அழுகையாகிவிட்டது. உள்ளே இருட்டில் அந்த மனுஷன், இல்லாத வரவேற்பறையைத் தேடிக்கொண்டு நின்றிருப்பாரோ என்று தோன்றியது. அதைத் தாங்க முடியவில்லை. நம்ரதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். வெளிநாட்டில் எழுதியதை நாங்கள் தமிழில் மாற்றினோம், வீட்டை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை என்றாள். பிறகு கேட்டாள்: “அவரு எங்க நடப்பாரு, அக்கா?”

ஒன்பது வால்வையும் சொன்னேன்.

அடுத்த நாளே அவள் அறையில் உட்கார்த்திவைத்து என் குரலைப் பதிவு செய்தாள். அரை நிமிடத்துக்கு ஒரு வால்வு என்று பிரித்துக்கொண்டோம். “கெளம்புங்க. ரேஷன் கடை முனை. மூடியத் தூக்குங்க. சாவிய எறக்குங்க. பதினாலு சுத்து. எண்ணிக்கிட்டே சுத்துங்க. ஆச்சா, நடங்க, மாவு மில்லு...” புங்கமரம் வந்தபோது, ஒன்பதோடு நிறுத்துங்க என்று சொல்லிவிட்டு நானும் நிறுத்திவிட்டேன். ரம்யா தண்ணீர் கொடுத்தாள். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. அதில் மாவு மில் வால்வை நான் கொஞ்சம் அதட்டியிருந்தேன், நம்ரதா அதை அழிக்கவில்லை.

ஸ்கேனுக்கு மறுபடி இடம் கிடைக்க ஒரு வாரம், முடிவுக்கு நாலு நாள். நம்ரதா ஓடிவந்தாள், உண்மையாகவே ஓடி. லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். சாம்பல் நிறத்தில் அவர் மூளை, அதில் ஒரு பக்கம் ஆபரேஷன் செய்த பள்ளம். உள்ளே ஆழத்தில் ஓரிடத்தில் சிவப்பாக ஒரு திட்டு. வழியை நினைத்து நடக்கும்போது எல்லாருக்கும் வேலை செய்கிற இடமாம் அது. நான் நடக்கச் சொன்னபோதெல்லாம் ஏறியிருக்கிறது, சும்மா இருக்கச் சொன்னபோதெல்லாம் இறங்கியிருக்கிறது. இருபது வருடமாகக் குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஒட்டிப் பழகியவளுக்கு, அது நல்ல இடம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இருக்காரு அக்கா. கேக்குறாரு” என்றாள்.

ரம்யா துள்ளிக் குதித்தாள், அப்போ நான் படிச்சதெல்லாம் அப்பா கேட்டிருக்காரு என்று. ரம்யா படித்ததைக் கேட்டவர் நான் சொன்னதையும் கேட்டிருப்பார். தம்பி அழுததை, அந்த ஃபாரத்தில் பேனா ஓடிய சத்தத்தை, எல்லாவற்றையும். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், எழுந்து வெளியே போகக்கூட முடியாமல். சந்தோஷமும் அவமானமும் ஒரே நேரத்தில் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதல் வேலையாக டூட்டி டாக்டரைப் பிடித்து அந்த ஃபாரத்தை மாற்றிக் கொடுத்தேன். பிறகு கட்டில் பக்கத்தில் போய் நின்று, அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். கண் மின்விசிறியைத்தான் பார்த்தது. உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்த மௌனம் முன்னைவிட மோசமாக இருந்தது.

நம்ரதா அடுத்த படியைச் சொன்னாள். இனி ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஆமாம் என்றால் வால்வு திறக்க நடக்க வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். சிவப்பு ஏறினால் அது நிச்சயமாக ஆமாம். ஏறாவிட்டால் அது இல்லையா, தூங்கிவிட்டாரா, களைத்துவிட்டாரா என்று சொல்ல முடியாது. உயிரோடு இருக்க விருப்பமா என்பது போன்ற கேள்விகளுக்கு அவர்கள் கமிட்டி அனுமதி கொடுக்காது. வலிக்கிறதா, குளிர்கிறதா, இப்படிச் சின்னச் சின்னதாக மூன்று கேள்வி. அதில் ஒன்று குடும்பத்துடையது.

அந்த ஒரு கேள்விக்காக எத்தனை நாள் யோசித்தேன் தெரியுமா. கோபமா என்று கேட்டால், சிவப்பு ஏறினால் நான் செத்தேன், ஏறாவிட்டாலும் தெரியாது. மன்னித்தீர்களா என்று கேட்டால், ஏறாத ஒவ்வொரு நிமிடமும் அவர் இல்லை என்று சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கும். கடைசியில் ஒன்று கிடைத்தது. கமிட்டிக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்ரதாவுக்கு அது சாதாரணக் கேள்வி, எனக்கு மட்டும்தான் அதில் என்ன கேட்கிறேன் என்று தெரியும்.

“நான் பக்கத்துல ஒக்காந்திருக்கறது உங்களுக்கு வேணுமா?”

அதையும் என் குரலிலேயே பதிவு செய்தோம். வியாழக்கிழமை ஸ்கேன் என்று முடிவானது.

திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை நெஞ்சில் சளி இறங்கிவிட்டது என்றார்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டூட்டி டாக்டர் ஃபாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வென்டிலேட்டர் வார்டுக்குக் கொண்டுபோனார். வியாழக்கிழமை எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஸ்கேன் மெஷினில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நம்ரதா வார்டு வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

அவர் போய் ஒரு மாதத்தில் நம்ரதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பு, கட்டில், டிரம், மூலையில் சாத்திவைத்த இரும்புச் சாவி. புது ஆளுக்கு வேறு சாவி கொடுத்துவிட்டார்களாம், இதைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போதெல்லாம் ஸ்கேனுக்கு முன்பு வீட்டுக்காரர்களை உட்காரவைத்து, இவர் தினமும் எங்கே நடப்பார் என்று கேட்டு, அதைத்தான் பதிவு செய்கிறோம் என்றாள். ஒருத்தர் பால் பாக்கெட் போடுகிற வழி, ஒரு அம்மாவுக்குப் பூ மார்க்கெட் என்று சொன்னாள். நான் இதை எழுதுவதும் அவள் கேட்டதால்தான். இப்படிக் கிடக்கிறவர்களின் வீட்டார் யாராவது படித்தால், கட்டிலுக்கு மேலே நின்றுகொண்டு பேசாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

கடைசி நாளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிட்னியும் நின்றுவிட்டது, இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரம்யாவும் சேகரும் பார்த்துவிட்டு வெளியே போனார்கள். என்னைப் பக்கத்தில் உட்கார விட்டார்கள். பதிவு செய்த அந்தக் கேள்வியை வாயாலேயே கேட்டேன். ஆமான்னா கெளம்புங்க என்றேன். பார்க்க மெஷின் இல்லை. சிவப்பு ஏறியதா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஸ்கேனில் அத்தனை தடவை அவரை வால்வு திறக்கச் சொன்னேனே, ஒரு தடவையாவது மூடச் சொன்னேனா? மூடாமல் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை அவர். கல்யாணமான மறுநாள்கூட வால்வை மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். இத்தனை நாளும் ஒன்பது வால்வையும் திறந்துபோட்டுவிட்டு எங்கே நிற்கிறாரோ என்று எனக்குப் பதறியது.

அதனால் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். ரேஷன் கடை முனை, பதினாலு சுத்து, மூடுங்க. மாவு மில்லு, பதினொண்ணு, மெதுவா, நான் அதட்டல. நாலாவதுல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போங்க, அங்கதான் ஒக்காந்துட்டீங்க. புங்கமரம். பள்ளிக்கூடத்துச் செவுரு. ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி மூடிக்கொண்டு வந்தோம். மானிட்டரில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்து விட்டுப் போனாள்.

எட்டும் முடிந்தது. எங்கள் சந்து முனை. சாவியை இறக்கிவிட்டு நிற்பார் இப்போது. சந்துக்குள் பார்த்து, ஆச்சா என்று கேட்பார். நான் சொன்னால்தான் மூடுவார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். போயிடுங்க என்று அன்றைக்கு அவ்வளவு சுலபமாகச் சொன்ன வாய், அந்த ஒரு வார்த்தைக்குத் திறக்கவில்லை.

“இருங்க” என்றேன். “இன்னும் ரெண்டு குடம்.”